குடம் உடைந்த கதையை யார் சொல்வது?

ஆடி பிறந்துவிட்டால் அம்மாபேட்டையில் வகுப்பு நடத்துவது சற்றுச் சிரமம்தான். சேலத்து மாரியம்மன் கோயில்களில் பூச்சாட்டு முடிந்து கம்பம் நட்ட நாளிலிருந்து பிள்ளைகளின் கண் கரும்பலகையில் நிற்காது. மாவிளக்கு, பொங்கல், ராட்டினம் எல்லாம் உண்டு என்றாலும், அவர்கள் ஆண்டு முழுவதும் காத்திருப்பது வண்டி வேடிக்கைக்குத்தான். புராணப் பாத்திரங்களாக வேடமிட்டவர்கள் அலங்கார வண்டிகளில் விளக்கொளியில் ஊர்வலமாக வருவார்கள். "மிஸ், எங்க மாமா இந்த வருஷம் நரசிம்மர்" என்று ஒருவன் சொன்னால், "எங்க சித்தப்பா போன வருஷமே ஆயிட்டாரு" என்று இன்னொருவன் சொல்வான்.

அந்தக் கூட்டத்தில் நின்று ஒருமுறை காதைத் தீட்டிக்கொண்டு கேளுங்கள். ஒவ்வொரு வண்டி வரும்போதும் தோளில் உட்கார்ந்திருக்கும் குழந்தை "இது யாரு?" என்று கேட்கும். தூக்கி வைத்திருப்பவர் ஒரே வரியில் பதில் சொல்வார். அதற்குள் அடுத்த வண்டி வந்துவிடும். நம் பிள்ளைகளுக்குப் புராணம் வந்து சேரும் வழி பெரும்பாலும் அந்த ஒற்றை வரிதான்.

இது இன்று தொடங்கிய வழக்கமும் அல்ல. பரிபாடலின் 19ஆம் பாடலில் திருப்பரங்குன்றத்துக்கு வந்த மக்கள் அங்குள்ள ஓவியங்களைப் பார்த்து, இவர் யார், அவர் யார் என்று கேட்பதும், தெரிந்தவர்கள் விளக்குவதும் வருகிறது. அந்த ஓவியங்களில் ஒன்று அகலிகையின் கதை. பூனையாக ஓடும் இந்திரன், சினம் கொண்ட கவுதமன், கல்லான அகலிகை என்று பார்ப்பவர்கள் சுட்டிக்காட்டிச் சொல்கிறார்கள்.

அப்படியானால், குழந்தை "இது யாரு?" என்று கேட்கும்போது நாம் சொல்லும் அந்த ஒரு வரி மிக முக்கியமானது. அந்த வரியை நான் பல ஆண்டுகள் தவறாகச் சொல்லிவந்தேன். அதைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை.

நான் வைத்த பட்டிமன்றம்

சில ஆண்டுகளுக்கு முன், ஆடி மாதத்தில் ஒன்பதாம் வகுப்புத் தமிழ்ப் பாடவேளை. "மிஸ், மாரியம்மன்தான் ரேணுகாவா?" என்று ஒரு மாணவன் கேட்டான். பிள்ளைகள் தாமாகக் கேட்கும் கேள்வியை விடக்கூடாது என்று, என் பாட்டி எனக்குச் சொன்ன கதையை அப்படியே சொன்னேன்.

ஜமதக்கினி முனிவரின் மனைவி ரேணுகா. தன் கற்பின் வலிமையால் ஆற்றுமணலிலேயே பச்சைக் குடம் வனைந்து தண்ணீர் கொண்டுவருவாள். ஒருநாள் வானில் சென்ற கந்தர்வனின் நிழலைத் தண்ணீரில் கண்டு, அவன் அழகை ஒரு கணம் வியந்தாள். குடம் உடைந்தது. முனிவர் கோபம் கொண்டு தாயை வெட்டும்படி மகன் பரசுராமனிடம் சொன்னார். அவன் வெட்டினான். பிறகு தந்தை வரம் தர, தாயை உயிர்ப்பிக்கச் சொன்னான். அவசரத்தில் தலை வேறு உடலில் சேர்ந்துவிட்டது.

பிள்ளைகள் ஆர்வமாகக் கேட்டார்கள். அந்த உற்சாகத்தில் நான் ஒரு காரியம் செய்தேன். "சரி, தவறு யாருடையது? ரேணுகாவா, ஜமதக்கினியா, பரசுராமனா? நாளைக்குப் பட்டிமன்றம்" என்று அறிவித்தேன்.

மறுநாள் நடந்ததை நினைத்தால் இன்றும் எனக்குக் கூச்சமாக இருக்கிறது. ஐந்தே நிமிடத்தில் பையன்கள் ஒரு பக்கம், பெண்பிள்ளைகள் ஒரு பக்கம் என்று ஆகிவிட்டது. "அவங்க பார்த்தது தப்புதானே மிஸ்?" என்று ஒருவன் எழுந்து கேட்டான். கைத்தட்டல் எழுந்தது. "பார்த்தா என்ன?" என்று ஒரு மாணவி கேட்டதும் "ஓ...!" என்று ஒரே கூச்சல். நான் மேசையைத் தட்டி அமைதிப்படுத்தி, நடுவர் தீர்ப்பாக ஏதோ பொதுவாகச் சொல்லி முடித்தேன். வகுப்பு கலகலப்பாக இருந்தது என்று எனக்குத் திருப்திகூட.

அடுத்த வாரம் முதல் ஒரு மாணவி பள்ளிக்கு வரவில்லை. பட்டிமன்றத்தன்று மூன்றாம் வரிசையில் தலைகுனிந்து உட்கார்ந்திருந்தவள். கைபேசியில் அழைத்தால் எடுக்கவில்லை. திருவிழா நேரம், உறவினர் வீட்டுக்குப் போயிருப்பாள் என்று நானும் விட்டுவிட்டேன். பத்து நாள் கழித்துத்தான் தலைமையாசிரியரும் நானும் வீட்டுக்குப் போனோம். (அடையாளம் தெரியக்கூடாது என்பதற்காக இங்கே சில விவரங்களைச் சொல்லாமல் விடுகிறேன்.)

தறி ஓடும் வீடு. அம்மா தார் சுற்றிக்கொண்டிருந்தார். அந்தப் பெண் உள்ளே இருந்தாள், வெளியே வரவில்லை. கடைத்தெருவில் அவள் ஒரு பையனோடு நின்று பேசியதை யாரோ பார்த்தார்களாம். அது அவள் அண்ணன் காதுக்கு வந்து, அப்பா காதுக்குப் போய், "படிச்சது போதும்" என்று முடிவாகிவிட்டது. ஒரு மாப்பிள்ளைப் பேச்சும் தொடங்கியிருந்தது. அவளுக்குப் பதினான்கு வயது.

நான் பேச வேண்டியதை எல்லாம் பேசினேன். அந்த அம்மா தாரைக் கீழே வைத்துவிட்டு ஒன்று சொன்னார். "பார்த்தாங்க, பார்த்தாங்கன்னுதான் எல்லாரும் சொல்றாங்க டீச்சர். என்ன நடந்துச்சுன்னு அவளை யாருமே கேக்கலைங்க. நானும் கேக்கலை."

திரும்பி வரும் வழியில்தான் எனக்கு உறைத்தது. நான் சொன்ன கதையிலும் ரேணுகாவை யாரும் எதுவும் கேட்கவில்லை. அந்தக் கதையைச் சொல்லி, "அவள் பார்த்தது தவறா?" என்று தலைப்பும் கொடுத்து, கைத்தட்ட வைத்திருக்கிறேன். தெருவே தன்னைப் பற்றி என்ன பேசுகிறதோ அதையே வகுப்பறையிலும் அந்தப் பெண் உட்கார்ந்து கேட்டிருக்கிறாள்.

மறுத்தவர்கள் நான்கு பேர்

அந்த வாரம் ரேணுகா கதையைத் தேடிப் படித்தேன். பாட்டி சொன்னதோடு நிறுத்தியிருந்த எனக்கு வியப்பாக இருந்தது.

மகாபாரதத்தின் வனபருவத்தில் இந்தக் கதை வருகிறது. அங்கே பச்சைக் குடம் இல்லை. நீராடப் போன ரேணுகா, சித்திரரதன் என்ற அரசன் தன் மனைவியரோடு நீர் விளையாடுவதைப் பார்க்கிறாள். ஜமதக்கினிக்கு ஐந்து மகன்கள், பரசுராமன் கடைசி. தாயைக் கொல்லும்படி முனிவர் முதலில் கேட்டது மூத்த மகன்களை. நால்வரும் அதைச் செய்யவில்லை. தந்தையின் சாபத்தால் அறிவிழந்து போனார்கள். அதன் பிறகுதான் பரசுராமன் வந்து கோடரியை எடுத்தான். அவன் கேட்ட வரங்களில் தாய் உயிர்பெற வேண்டும் என்பதோடு, தான் கொல்லப்பட்டது அவள் நினைவில் இருக்கக் கூடாது என்பதும் ஒன்று. சகோதரர்கள் பழைய நிலைக்கு வர வேண்டும் என்பதும் ஒன்று.

நான்கு பேர் மறுத்திருக்கிறார்கள். ஐவரில் நால்வர். ஆனால் அந்த நால்வரை நாம் ஒரு வரியில்கூடச் சொல்வதில்லை. "தந்தை சொல் மிக்க மந்திரமில்லை" என்பதற்கு எடுத்துக்காட்டாகப் பரசுராமனை மட்டும் சொல்லிவிட்டுப் போகிறோம்.

தமிழ்நாட்டு மக்கள் வழக்கில் கதை இன்னும் விரிகிறது. ஒரு வழக்கின்படி, உயிருக்கு அஞ்சி ஓடிய ரேணுகாவை ஊருக்கு வெளியே வாழ்ந்த ஒரு பெண் கட்டியணைத்துக் காப்பாற்ற முயல்கிறாள். வீசிய கோடரியில் இருவர் தலையும் விழுகிறது. தலை மாறிச் சேர்ந்தது அப்படித்தான். வேலூர் மாவட்டம் குடியாத்தத்தில் வைகாசி முதல் நாள் நடக்கும் கெங்கையம்மன் சிரசுத் திருவிழாவில் அம்மனின் தலை ஊர்வலமாக வந்து உடலில் பொருத்தப்படுகிறது. திருவண்ணாமலை மாவட்டம் படவேட்டில் ரேணுகாம்பாளாகவே வணங்கப்படுகிறாள். தவறு செய்தவள் என்று முனிவர் தீர்ப்பளித்த பெண்ணை, மக்கள் தாயாக்கிக் கும்பிடுகிறார்கள். தீர்ப்பை மக்கள் எப்போதோ மாற்றி எழுதிவிட்டார்கள். நாம்தான் வகுப்பறையில் இன்னும் பழைய தீர்ப்பைப் படித்துக்கொண்டிருக்கிறோம்.

ஒரு கதை, பல குரல்

"புராணத்தைப் பெண்ணின் பக்கமிருந்து சொல்வது இக்காலத்து வழக்கம், மரபை மாற்றுவது" என்று சக ஆசிரியர்கள் சிலர் என்னிடம் சொன்னதுண்டு. படித்துப் பார்த்தால் மரபே அப்படி ஒற்றை வடிவில் இல்லை. அகலிகையை எடுத்துக்கொள்வோம்.

வான்மீகியின் பாலகாண்டத்தில் அகலிகை கல்லாவதில்லை. யார் கண்ணுக்கும் தெரியாமல், காற்றை மட்டும் உண்டு, சாம்பலில் கிடந்து தவம் செய்யும்படி சபிக்கப்படுகிறாள். இராமன் வரும்போது இராமனும் இலக்குவனும் அவள் பாதத்தைத் தொட்டு வணங்குகிறார்கள். கம்பனில் அவள் கல்லாகிறாள். இராமனின் பாதத்தூள் பட்டு எழுகிறாள். கல்லான கதை கம்பனுக்கு முன்பே பரிபாடலில் இருப்பதை மேலே பார்த்தோம். யார் பாதத்தை யார் தொட்டார்கள் என்பதிலேயே இத்தனை வேறுபாடு.

1943இல் புதுமைப்பித்தன் 'சாபவிமோசனம்' எழுதினார். சாபம் நீங்கியதோடு கதை முடிந்துவிடுகிறதா, அதன் பிறகு கவுதமனும் அகலிகையும் எப்படி வாழ்ந்தார்கள் என்பதே அவருடைய கேள்வி. மன்னிக்கப்பட்ட பிறகும் ஊர்ப்பேச்சு அகலிகையை விடுவதில்லை. வனவாசம் முடிந்து வந்த சீதை, இராமன் தன்னைத் தீக்குளிக்கச் சொன்னதை அகலிகையிடம் சொல்கிறாள். தனக்கு ஒரு நீதி, அவனுக்கு ஒரு நீதியா என்று துடிக்கும் அகலிகை, இறுதியில் மீண்டும் கல்லாகிவிடுகிறாள். நிகழ்ச்சிகளில் சில இராமாயணத்தில் உள்ளவைதான். அவற்றைக் கேட்டுக்கொண்டிருப்பவள் யார் என்பதை அவர் மாற்றினார்.

இன்னும் பின்னால் போனால் நம் காப்பியங்களே பெண்ணை நடுவில் வைத்தவை. அரசவையில் கண்ணகி தன் சிலம்பின் பரல் மாணிக்கம் என்று சொல்லி உடைத்துக் காட்டியதும், தன் தேவியின் சிலம்பில் இருப்பது முத்து என்று சொன்ன பாண்டியன் வீழ்கிறான். சாட்சியும் வழக்குரைஞரும் அவளே. மணிமேகலை, இளவரசனின் விருப்பத்தை ஏற்காமல், அமுதசுரபியைக் கையில் ஏந்தி ஊரின் பசியைத் தீர்க்கிறாள். சிறைக்கோட்டத்தை அறக்கோட்டமாக மாற்றச் செய்கிறாள்.

எழுத்துக் கூட்டிப் படிக்கத் தெரிந்த நம் பாட்டிமார்களுக்கு 'பெரிய எழுத்து' நூல்கள் இருந்தன. புகழேந்திப் புலவர் பெயரில் வழங்கும் அல்லி அரசாணி மாலை அவற்றில் ஒன்று. மதுரையைத் தனியே ஆளும் அரசி அல்லி. அவளை அடைய அர்ச்சுனன் வேடம் மேல் வேடம் போட வேண்டியிருக்கிறது. வியாசர் எழுதாத இந்த அல்லியைத் தமிழ் மக்கள் மகாபாரதத்துக்குள் கொண்டுவந்து உட்கார வைத்தார்கள்.

1912இல் பாரதியார் பாஞ்சாலி சபதத்தின் முதல் பாகத்தை வெளியிட்டபோது, அவர் எடுத்துக்கொண்டது மூலத்திலேயே உள்ள ஒரு கேள்வியை. "தன்னை முதலில் தோற்றாரா, என்னை முதலில் தோற்றாரா?" தன்னையே இழந்த ஒருவன் இன்னொருத்தியைப் பணயம் வைக்க முடியுமா என்ற சட்டக் கேள்வி அது. அந்த அவையில் பீஷ்மர்கூடத் தெளிவான விடை சொல்லவில்லை. கௌரவர்களில் ஒருவனான விகர்ணன் எழுந்து அவளுக்காகப் பேசுகிறான். ரேணுகாவின் நான்கு மகன்களைப் போல, இவனையும் நாம் விட்டுவிடுகிறோம்.

பிற மொழிகளிலும் இந்த ஓட்டம் உண்டு. 16ஆம் நூற்றாண்டில் வங்கத்தில் சந்திராவதி என்ற பெண், சீதையின் துயரத்தை நடுவில் வைத்து இராமாயணம் பாடினார். தெலுங்கு எழுத்தாளர் வோல்கா தம் 'விமுக்த' நூலில், சீதை சூர்ப்பணகையையும் அகலிகையையும் ரேணுகாவையும் ஊர்மிளையையும் சந்திப்பதாக எழுதினார். அந்நூல் 2015இல் சாகித்திய அகாதெமி விருது பெற்றது. தமிழில் அம்பையின் 'அடவி' கதையில் வரும் பெண், சீதையின் கதையைச் சீதையே சொல்வதாக எழுதுகிறாள். கிரேக்க மரபில் ஒடிசியஸ் வீடு திரும்பியதும் பன்னிரண்டு பணிப்பெண்கள் தூக்கிலிடப்படுகிறார்கள். கனடாவின் மார்கரெட் அட்வுட், 2005இல் எழுதிய 'பெனலோபியாட்' நூலில் அந்தப் பன்னிருவரையும் பேச வைத்தார்.

இவை எல்லாவற்றிலும் ஒரு பொதுத்தன்மை இருக்கிறது. கதையில் ஏற்கெனவே இருக்கும், ஆனால் இதுவரை பேசாத ஒருவருக்குப் பேச இடம் தருகிறார்கள். அவ்வளவுதான். இதை நம் வகுப்பறையிலும் செய்யலாம்.

வகுப்பில் செய்து பார்த்தவை

கடந்த சில ஆண்டுகளில் நான் செய்து பார்த்து, பயன் தந்தவற்றைச் சொல்கிறேன்.

1. பேச்சுக் கணக்கு. கதையைச் சொல்லி முடித்ததும் நான்கு பத்திகள் கொண்ட அட்டவணை போடச் சொல்வேன். யார், எத்தனை முறை பேசினார், என்ன முடிவு எடுத்தார், விளைவு யாருக்கு? நான் முன்பு சொன்ன ரேணுகா கதையில் ஜமதக்கினிக்கும் பரசுராமனுக்கும் பேச்சு உண்டு, ரேணுகாவுக்குப் பூச்சியம். ஆனால் விளைவு முழுவதும் அவளுக்கு. இதைப் பிள்ளைகளே எண்ணிக் கண்டுபிடிக்கும்போது நான் எதையும் விளக்க வேண்டியிருப்பதில்லை. அதே அட்டவணையைக் கண்ணகி வழக்குரைத்த காட்சிக்குப் போட்டால் கணக்குத் தலைகீழாகும். இரண்டையும் அருகருகே கரும்பலகையில் எழுதுங்கள்.

2. நடந்ததை மாற்றாதே, சொல்பவரை மாற்று. மறுகதை எழுதும்போது இது ஒன்றே விதி. இந்த விதி இல்லாவிட்டால் பிள்ளைகள் ரேணுகா கையில் துப்பாக்கி கொடுத்துவிடுவார்கள். விதி இருந்தால் கதைக்குள் உட்கார்ந்து யோசிப்பார்கள். உயிர்பெற்று எழுந்த ரேணுகா முதலில் என்ன கேட்டிருப்பாள் என்று எழுதச் சொன்னேன். ஒரு மாணவி இரண்டே வரி எழுதியிருந்தாள். "தண்ணீர் கொண்டுவந்துவிட்டேனா? குடம் எங்கே?" நடந்தது அவள் நினைவில் இருக்கக் கூடாது என்பது வரம் அல்லவா! அந்த இரண்டு வரியைப் படித்துவிட்டு அன்று என்னால் உடனே அடுத்த தாளை எடுக்க முடியவில்லை.

3. பையன்களுக்கும் இடம் கொடுங்கள். பெண்ணை நடுவில் வைத்துச் சொன்னால் பையன்கள் தங்களைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றியதாக நினைத்துவிடுகிறார்கள். பட்டிமன்றத்தில் எனக்கு நேர்ந்தது அதுதான். மறுத்த நான்கு மகன்களில் ஒருவனாக, தந்தைக்கு மறுமொழி எழுதச் சொல்லுங்கள். விகர்ணன் அவையில் பேசுவதை நடிக்கச் சொல்லுங்கள். என் வகுப்பில் மிக நீளமாக எழுதியவர்கள் பையன்கள்தான். ஒருவன் "அப்பா, உங்களை மதிக்கிறேன். அதனால்தான் மாட்டேன் என்கிறேன்" என்று தொடங்கியிருந்தான்.

4. பட்டிமன்றம் வேண்டாம். நமக்கு மிகவும் பழகிப்போன வடிவம் அது. ஆனால் "யார் குற்றவாளி?" என்று தொடங்கினால் பிள்ளைகள் அணி பிரிந்து வெல்லப் பார்ப்பார்கள், யோசிக்க மாட்டார்கள். அந்தத் தலைப்பு யாருடைய வீட்டுக் கதை என்பது நமக்குத் தெரியாது. அதற்குப் பதிலாக "இந்தக் கதையில் யாரிடம் யாரும் எதுவும் கேட்கவில்லை?" என்று கேளுங்கள். இந்தக் கேள்விக்கு வெற்றி தோல்வி இல்லை.

5. வடிவங்களை ஒப்பிடுங்கள். வீட்டில் பாட்டியிடமோ பக்கத்து வீட்டிலோ ஒரே கதையைக் கேட்டு எழுதிவரச் சொல்லுங்கள். என் வகுப்பில் ரேணுகா கதைக்கு ஏழு வடிவங்கள் வந்தன. எது சரி என்று நான் தீர்ப்புச் சொல்வதில்லை. எந்த இடத்தில் மாறுகிறது, ஏன் மாறியிருக்கும் என்று மட்டும் பேசுவோம். மேல்நிலை வகுப்புகளில் அகலிகையின் மூன்று வடிவங்களையும் பிறகு 'சாபவிமோசனம்' கதையையும் படிக்கக் கொடுக்கலாம்.

தொடக்க வகுப்புகளில் வெட்டும் சாபமும் வேண்டாம். அங்கே மணிமேகலையே போதும். ஒரு கிண்ணத்தை வைத்து, "இது அமுதசுரபி. முதலில் யாருக்குப் போடுவாய்?" என்று கேட்டால் மூன்றாம் வகுப்புக் குழந்தை ஒரு பாடவேளை முழுக்கப் பேசும். அந்தப் பாத்திரத்தில் முதல் பிச்சையிட்டவள் ஆதிரை என்ற பெண் என்பதையும் சொல்லுங்கள். கதை சொல்லும் நேரங்களில் அரசனும் இளவரசனும் மட்டுமே முடிவெடுப்பவர்களாக வந்துகொண்டிருக்கிறார்களா என்று நம்மையே ஒருமுறை எண்ணிப் பார்த்துக்கொள்ளலாம். கலைத் திருவிழாவில் நாடகம் போடும்போதும் இதே கணக்கு உதவும். மேடையில் பெண்பிள்ளைகள் எத்தனை பேர் என்று பார்ப்பதோடு, அவர்களுக்கு எத்தனை வசனம் என்றும் பாருங்கள்.

கவனமாக இருக்க வேண்டியவை

இவை பலருக்கும் வழிபாட்டுக் கதைகள். நம் வகுப்பில் பல சமயத்துப் பிள்ளைகளும் இருக்கிறார்கள். ஆகவே "இது பொய், அது மூடத்தனம்" என்ற பேச்சுக்கே இடமில்லை. தெய்வத்தைக் குறைத்துப் பேசாமல், கதையில் வரும் மனிதர்களின் செயலைப் பற்றி மட்டும் பேசலாம். ஒரு பெற்றோர் என்னிடம் வந்து, "சாமி கதையை மாத்திச் சொல்றீங்களாமே?" என்று கேட்டார். மாற்றவில்லை, மறுத்த நான்கு மகன்களும் பழைய நூலிலேயே இருக்கிறார்கள் என்று விளக்கினேன். "அப்படியா, எனக்கே தெரியாதே" என்று உட்கார்ந்து கேட்டுவிட்டுப் போனார். மூலத்தைப் படித்துவிட்டு வகுப்புக்குப் போவதே நமக்குப் பாதுகாப்பு.

இன்னொன்றும் உண்டு. இப்படிப்பட்ட கதைகளைப் பேசும்போது பிள்ளைகள் தம் வீட்டை எழுதிவிடுவார்கள். அந்தத் தாளை வகுப்பில் உரக்கப் படிக்காதீர்கள். ஆசிரியர் அறையிலும் பேசாதீர்கள். ஆபத்து தெரிந்தால் தலைமையாசிரியரிடம் சொல்லி, உடனே 1098 குழந்தைகள் உதவி எண்ணை நாடுங்கள். குழந்தைத் திருமணத் தடைச் சட்டம் 2006இன்படி பதினெட்டு வயது நிறைவடையாத பெண்ணுக்குத் திருமணம் செய்வது குற்றம். இதைப் பெற்றோரிடம் மிரட்டலாகச் சொல்லாமல் தகவலாகச் சொன்னாலே பல வீடுகளில் பேச்சு நின்றுவிடுகிறது.

இனி அந்த மாணவியைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். மூன்று முறை வீட்டுக்குப் போனோம். மூன்றாம் முறை நான் சட்டத்தைப் பற்றிப் பேசியதைவிட, "அவளையே ஒரு வார்த்தை கேட்டுவிடலாமே" என்று தலைமையாசிரியர் சொன்னதுதான் வேலை செய்தது. அவள் வெளியே வந்து நின்றாள். பழைய நோட்டுப் புத்தகத்தை வாங்கத்தான் அந்தப் பையனிடம் பேசினாள் என்று தெரிந்தது. நோட்டுப் புத்தகமாக இல்லாமல் வேறு பேச்சாகவே இருந்திருந்தாலும் அவள் படிப்பை நிறுத்த அது காரணமாகியிருக்கக் கூடாது என்பதை அங்கேயே சொன்னேன். அப்பா பதில் எதுவும் சொல்லவில்லை. இரண்டு நாள் கழித்து, அவள் அண்ணனே சைக்கிளில் கொண்டுவந்து பள்ளி வாசலில் விட்டான். செய்தியை வீட்டுக்குக் கொண்டுபோனவனும் அவன்தான். என்னைப் பார்த்துத் தலையை ஆட்டிவிட்டுப் போய்விட்டான். பத்தாம் வகுப்பு முடியும்வரை அவன் கொண்டுவந்து விடுவதை நான் பார்த்தேன்.

அவளிடம் நான் ரேணுகாவைப் பற்றி ஒருநாளும் பேசவில்லை. அந்தப் பட்டிமன்றத்துக்காக மன்னிப்பு மட்டும் கேட்டேன். "பரவால்ல மிஸ்" என்றாள். அவள் அப்படிச் சொன்னதால் அது சரியாகிவிடாது என்பது எனக்குத் தெரியும்.

சென்ற ஆடியில் வண்டி வேடிக்கை பார்க்கக் கூட்டத்தில் நின்றிருந்தேன். கோடரியோடு பரசுராமர் வேடமிட்டவர் ஒரு வண்டியில் வந்தார். எனக்கு முன்னால், தோளில் ஒரு சிறுமியை வைத்துக்கொண்டு நின்றவன் என் பழைய மாணவன். பட்டிமன்றத்தில் எழுந்து "பார்த்தது தப்புதானே" என்று கேட்டவன். சிறுமி வண்டியைக் காட்டி "இது யாரு மாமா?" என்று கேட்டாள்.

"அது பரசுராமர். அவருக்கு நாலு அண்ணனுங்க. அவங்க அம்மாவை வெட்டச் சொன்னப்ப அந்த நாலு பேரும் மாட்டேன்னுட்டாங்க" என்றான்.

"ஏன்?" என்றாள் சிறுமி.

அடுத்த வண்டி வந்துவிட்டது. ஆனாலும் அவன் அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லிக்கொண்டே இருந்தான்.